கெட்ட செய்தியின் வரவு செலவு

முதலில் நேரத்தை எழுதுவோம். இரவு பத்துக்குப் பாயில் சாய்ந்து கைபேசியைத் திறந்தவர் பன்னிரண்டுக்கு மூடுகிறார் என்றால், ஆண்டுக்கு 730 மணித்தியாலம் போகிறது. முழு நாளாகப் பிரித்தால் 30 நாள். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பிரித்தால் 91. அதில் பாதிதான் புயல், விபத்து, கொலை, விலையேற்றம் என்று வைத்தாலும் 45 வேலைநாளைக் கெட்ட செய்திக்குக் கொடுத்தாயிற்று. எல்லாம் காணொளியாகப் பார்க்கிறவருக்கு, சுமாரான தரத்தில் மணிக்கு முக்கால் ஜிபி வீதம் மாதம் 45 ஜிபி. ரீலோட் காசை அவரவர் பெட்டிக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

கிழக்குக் கரையிலுள்ள வாழைச்சேனைக்கு இந்தக் கணக்கில் ஒரு தனிச் செலவும் உண்டு. கோடைகாலத்தில் இங்கே நள்ளிரவு 12 என்றால் இலண்டனில் மாலை 7.30, ரொறன்ரோவில் பிற்பகல் 2.30. ஊர் தூங்க வேண்டிய வேளையில்தான் வெளிநாட்டு உறவுகளுக்குக் கை ஓய்கிறது. "உங்க பக்கம் ஏதோ பிரச்சினையாமே, உண்மையா?" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்துவிட்டால் போதும், அதுவரை எதுவும் தெரியாதிருந்தவரும் எழுந்து தேடத் தொடங்குவார். ஆழ்கடலுக்குப் படகு போயிருக்கும் வீட்டில் அந்தத் தேடல் விடியும்வரை நிற்காது.

இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கரை செய்தி வராமல் செத்த கரை. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி மட்டக்களப்பை உடைத்துப்போட்டபோது நாட்டில் 900 பேருக்கு மேல் மாண்டனர். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் போயினர். 2012 ஏப்ரல் 11இல் அதே பக்கம் 8.6 அளவில் நிலம் ஆடியபோது எச்சரிக்கை வந்தது, சனம் ஓடியது, பெரிய அலை வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் 600 பேருக்கு மேல் பலிகொண்டது. இப்படிப் பட்டவர்களிடம் "பார்க்காதே" என்பது நடக்காத யோசனை. பார்க்க வேண்டியது எவ்வளவு என்பதே கேள்வி.

இனி செலவுப் பக்கம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. வாழைச்சேனையிலிருந்து 30 கிலோமீற்றர் அளவு தூரத்தில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுவதற்குமான இறப்புத் தொகை 359 என்று ஒரு கட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 25இல் சுகாதார அமைச்சு அதை 253 ஆகக் குறைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மரணம் கணக்கில் மட்டும் நடந்திருந்தது. 359ஐப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் 253ஐயும் பகிர்ந்தார்கள் என்பதை அவரவர் கைபேசியில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். படங்களோ திருத்தப்படவே இல்லை. அதே இரத்தம், அதே ஓலம், குழுவுக்குக் குழு.

படம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் கணக்கு இருக்கிறது. 2013 ஏப்ரலில் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பின் ஹோல்மன், கார்ஃபின், சில்வர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 4,675 பேரை விசாரித்தனர். வெடிப்புக்குப் பிந்திய கிழமையில் நாளுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அதுபற்றிய செய்தி பார்த்தவர்களுக்கு இருந்த கடும் மனஅழுத்தம், வெடித்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதல். சில்வர் குழுவினர் 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு 4,165 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தது. பார்த்தவருக்குக் கவலை கூடியது. கவலை கூடியவர் அடுத்த அவலம் வந்தபோது இன்னும் கூடுதலாகப் பார்த்தார். அது மறுபடி கவலையைக் கூட்டியது. வட்டிக்கு வட்டி.

ஆறு மணித்தியாலம் நமக்கு எங்கே என்று கேட்கலாம். கொரோனாக் காலத்தில் நடந்த ஒரு சோதனையில் தொற்றுச் செய்தியை இரண்டு முதல் நான்கு நிமிடம் பார்த்தவர்களிடமே உற்சாகமும் நம்பிக்கையும் அந்தக் கணத்தில் இறங்கின. அந்தக் காலத்தை இவ்வூர் எப்படிக் கழித்தது? 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைத் தொற்று வாழைச்சேனை வரை வந்து தனிமைப்படுத்தல் ஊரடங்கு விழுந்தது. மீன் விற்றவர் வீட்டில், கையில் கைபேசி. 2021 மார்ச் 5 முதல் பக்கத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் நாடெங்குமிருந்து உடல்கள் வந்து அடக்கமாகின. முடிவில் எண்ணிக்கை 3,600ஐத் தாண்டியது. இரண்டு நிமிடத்துக்கே மனம் இறங்குமென்றால், அந்த மாதங்களின் கணக்கை யார் எழுதுவது?

2022இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு 1,100 பேரைப் பார்த்தது. அவர்களில் 16.5 சதவீதம், அதாவது 180 பேரளவு, செய்தி பார்ப்பதை நிறுத்த முடியாத கடும் நிலையில் இருந்தனர். அந்த 180 பேரில் 73.6 சதவீதத்தினர் மனநலம் நன்றாகவே கெட்டிருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னோர் 8 சதவீதம். உடல்நலக் கேட்டில் 61க்கு 6.1. இதை அப்படியே தூக்கிவந்து வாழைச்சேனையில் பெருக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே நொந்தவர் கூடுதலாகப் பார்க்கிறார் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் 73க்கும் 8க்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

வியாபாரிக்கு இதில் என்ன இலாபம்? 2023இல் ஓர் இணையத்தளத்தின் 1,05,000 தலைப்பு வடிவங்களையும் 57 இலட்சம் சொடுக்குகளையும் ஆராய்ந்தபோது, தலைப்பில் ஒரு கெட்ட சொல் கூடினால் சொடுக்கு 2.3 சதவீதம் கூடுவது தெரிந்தது. 10,000 பேர் திறக்கும் தலைப்பை 10,230 பேர் திறப்பார்கள். அந்த 230 பேருக்காகத்தான் "பதற வைக்கும்", "அதிர்ச்சி" எல்லாம்.

வாழைச்சேனை காகித ஆலை வைக்கோலில் காகிதம் செய்த காலத்தில் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது. இலங்கையின் அவலம் அத்தனையும் அதற்குள் அடங்கியாக வேண்டும், அடங்கியது. கைபேசிக்கு அந்தப் பக்கம் இல்லை.

அரசு அந்தப் பக்கத்தைத் தானே போட்டுப் பார்த்தது. 2018 மார்ச்சில் ஒரு கிழமை, 2019இல் ஏப்ரல் 21 முதல் 30 வரை, 2022 ஏப்ரல் 3இல் 15 மணித்தியாலம் அளவு சமூக வலைத்தளங்களை முடக்கியது. சனம் விபிஎன் போட்டுக்கொண்டு உள்ளே போனது. முடக்கம் அச்சத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை என்பது என் தீர்ப்பு.

அவரவர் அளவு வைப்பது வேறு கதை. 2018இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவரைக் கொண்ட ஆய்வில், ஒரு பகுதியினர் மூன்று சமூக வலைத்தளச் செயலிகளை ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடமாக மூன்று கிழமை குறைத்தனர். அவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் இறங்கின. முழுக்க விடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படி ஓர் அளவை இங்கே வைத்துப் பார்ப்போம். கடலுக்குப் போகிறவருக்கும் கரையில் காத்திருப்பவருக்கும் தேவையானது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு. அது சில வரிதான். ஆபத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நாட்டு நடப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 122 மணித்தியாலம். 730இல் கழித்தால் 608 மிச்சம். அது முழுவதும் தூக்கமாகத் திரும்பக்கூடிய நேரம். 2004இல் உயிர் காத்திருக்கக்கூடிய செய்தியும் இந்தச் சில வரிக்குள் அடங்கியிருக்கும்.

இன்றிரவு குடும்பக் குழுக்களின் ஒலியை அணைத்துவிட்டுப் படுங்கள். வெளிநாட்டு உறவுகளுக்கு "காலையில் பேசுவோம்" என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். அணைத்தும் கிழமைக்கணக்கில் தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.