இராகமும் மெய்ப்பாடும்

இன்ன இராகம் இன்ன மெய்ப்பாட்டுக்கு உரியதென வகுத்துக்காட்டும் அட்டவணைகள் இசைநூல்களிற் பலவுள. முகாரி அவலத்துக்கு உரியது. பிலகரி உவகைக்கு உரியது. அடாணா வீரத்துக்கு உரியது. நீலாம்பரி துயிலுக்கு உரியது என அவை செல்லும். மாணவர் பலர் இவற்றை வாய்பாடுபோல மனனம் செய்து வைத்திருக்கின்றனர். அவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் மெய்யின் ஒரு பாதியையே கூறுவன. மெய்ப்பாடு சுரங்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதாயின், அச்சுரங்களை யார் எவ்வாறு ஒலிப்பினும் அது தோன்றுதல் வேண்டும். அங்ஙனம் தோன்றுகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஞாயிறுதோறும் கல்லூரி ஆலயத்திற் கீர்த்தனை பாடும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

ஐயுறுவோர் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஆர்மோனியத்திற் கருப்புக் கட்டைகள் மூன்றும் இரண்டுமாக மாறி மாறி அமைந்திருத்தலை யாவரும் அறிவர். வெள்ளைக் கட்டைகளைத் தொடாது இவ்வைந்தை மட்டுமே வாசித்தல் வேண்டும். முதற்கண், மூன்றனுள் முதலாவதைச் சட்சமாகக் கொண்டு, அதனை நண்பரொருவர் விடாது அழுத்தியிருக்க, ஐந்தினையும் ஏறியும் இறங்கியும் வாசிப்பின் மோகனம் பிறக்கும். பின்னர் விரல்கள் அதே கட்டைகளிற் செல்ல, ஆதார ஒலியை மட்டும் மூன்றனுள் இரண்டாவதற்கு மாற்றுக. இப்பொழுது செவியில் விழுவது மத்தியமாவதி. மூன்றாவதற்கு மாற்ற இந்தோளம் தோன்றும். இரட்டைக் கட்டைகளுள் முதலாவது ஆதாரமாயின் சுத்த சாவேரி. இரண்டாவது ஆதாரமாயின் சுத்த தன்யாசி. ஒரு சுரமேனும் கூட்டினோமில்லை. ஒரு சுரமேனும் குறைத்தோமில்லை. எனினும் முதலிற் கேட்ட மலர்ச்சி மூன்றாவதில் இல்லை. மோகனத்தில் விரிந்து நின்ற மனம் இந்தோளத்தில் உள்நோக்கித் திரும்பிவிடுகின்றது.

இதன் காரணம் மறைபொருள் அன்று. சுரம் ஒவ்வொன்றும் தனக்கெனப் பொருளுடையதன்று. ஆதார சட்சத்தினின்று அது நிற்கும் தொலைவே அதற்குப் பொருள் தருவது. மோகனத்தில் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் சட்சத்தோடு இயற்கையிலேயே இயைந்து ஒலிப்பன. இந்தோளத்திலோ பஞ்சமமே இல்லை. காந்தாரம், தைவதம், நிஷாதம் ஆகிய மூன்றும் தாழ்ந்த வகையின. மத்தியமாவதியிற் காந்தாரம் அறவே நீங்கிவிடுதலின், அதன் மலர்ச்சிக்கோ வாட்டத்துக்கோ இடமின்றி ஒரு நிறைவே எஞ்சுகின்றது. கச்சேரியை மத்தியமாவதியால் முடித்தல் மங்கலம் எனக் கொண்டவர், காரணம் கூறாவிடினும், நன்கு கேட்டே கொண்டனர் எனத் தோன்றுகின்றது. நிற்க, ஆதார ஒலியை நிறுத்திவிட்டு இச்சோதனையைச் செய்வோர் ஐந்து இராகங்களையும் பெரும்பாலும் ஒன்றாகவே கேட்பர் என்பதையும் சொல்லிவைத்தல் வேண்டும்.

பண்டைத் தமிழர் இம்முறையை நன்கு அறிந்திருந்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழனுள் வேறொன்றைக் குரலாக நிறுத்திப் புதுப்பாலை பிறப்பித்தலைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசுகின்றன. இக்கால இசையாளர் இதனைக் கிரகபேதம் என்பர். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தம் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டு இப்பாலைகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்தார். விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது. மருத்துவராகிய கிறிஸ்தவர் ஒருவரும், துறவியாகிய சைவர் ஒருவரும் ஒரே காப்பியத்தின் இசைக்குறிப்புகளுக்காகத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டமை நினைந்து மகிழத்தக்கது.

இனி, ஆதாரமும் ஒன்றே, சுரங்களும் அவையே எனின், மெய்ப்பாடும் ஒன்றாமோ? அதுவும் இல்லை. வட இந்திய இசையிற் பூபாளி என்பதும் தேசுகார் என்பதும் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களையே உடையன. பூபாளி காந்தாரத்திற் காலூன்றி நிற்கும், அது மாலைக்குரியது. தேசுகார் தைவதத்திற் காலூன்றி மேற்பாதியில் உலாவும், அது காலைக்குரியது. ஒரே வீட்டில் முற்றத்தில் அமர்வதற்கும் மாடியில் அமர்வதற்கும் உள்ள வேறுபாடு போல்வது இது. ஜான் நியூட்டன் 1779இல் வெளியிட்ட புகழ்பெற்ற கிருபைப் பாட்டுக்கு, அமெரிக்க நாட்டில் 1835இல் இணைக்கப்பட்ட மெட்டும் இவ்வைந்து சுரங்களால் இயன்றதே. அதனை நம் ஆலயத்திற் பலகாற் பாடியுள்ளோம். ஆயினும் அதனைப் பாடுங்கால் மோகனம் பாடுகின்றோம் என்னும் எண்ணம் எவர்க்கும் எழுவதில்லை. அம்மெட்டுச் சுரத்திற்குச் சுரம் நேரே அடியெடுத்து வைக்கின்றது. மோகனமோ ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்கின்றது. அவ்வசைவே கமகம்.

கமகத்தின் வல்லமையை முத்துசாமி தீட்சிதரிடம் (1775–1835) காணலாம். ஐரோப்பியர் மெட்டுகளுக்கு அவர் வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டு சுவரம்' எனப்படும் அவற்றுள் 'சந்ததம் பாகிமாம்' என்பது ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டில் அமைந்தது. சுரங்களை எண்ணின் அது சங்கராபரணமே. அவரே சங்கராபரணத்தில் 'அட்சயலிங்க விபோ' என்னும் கிருதியையும் இயற்றியுள்ளார். முன்னது அணிவகுத்துச் செல்லும் படைவீரர் நடை. பின்னது கோபுரவாயிலில் யானை வருவது போன்ற நடை. இயற்றியவர் ஒருவர்; சுரங்கள் அவையே; மெய்ப்பாட்டிலோ ஒற்றுமை சிறிதும் இல்லை. அச்சங்கராபரணத்தின் வழிப்பிறந்தனவே விடியலின் உவகைக்குரிய பிலகரியும் தாலாட்டுக்குரிய நீலாம்பரியும். தாய்க்கு மகளிர் இருவர். ஒருத்தி எழுப்புகின்றாள், மற்றொருத்தி உறங்கவைக்கின்றாள்.

நீலாம்பரியைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். தேவாரப் பண்களுள் மேகராகக்குறிஞ்சி என்பதை ஓதுவார் இக்காலத்தில் நீலாம்பரியிற் பாடுகின்றனர். அப்பண்ணமைந்த பதிகங்களை மழை வேண்டிக் கோயில்களில் ஓதுதல் வழக்கம். குழவியைத் துயிற்றும் அதே இராகம் வானத்தை எழுப்பவும் வேண்டப்படுகின்றது! அட்டவணை வகுத்தோர் இதற்கு என்ன விடை கூறுவரோ அறியேன். யான் கொள்வது இது: மெய்ப்பாட்டின் மறுபாதி கேட்போன் உள்ளத்திற் சேர்ந்த பழக்கத்தில் உள்ளது. தொல்காப்பியர் யாழைத் திணையின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தமை இங்கு எண்ணத்தக்கது. நிலமும் பொழுதும் தொழிலும் சேர்ந்த சூழலிலேயே பண் பொருள் பெறுகின்றது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் கம்பீர நாட்டை மல்லாரி கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்விராகத்தின் முதல் வீச்சிலேயே வீதியும் தீவட்டியும் கண்முன் வரும். கேளாது வளர்ந்தவனுக்கு வருமாறில்லை.

முகாரியும் இவ்வாறே. 'முகாரி பாடுகின்றான்' என்றால் அழுது புலம்புகின்றான் என்பதே உலகவழக்கு. ஆனால் தியாகராசர் 'எந்தனினே' என்று தொடங்கும் முகாரிக் கீர்த்தனையிற் சபரி பெற்ற பேற்றை வியந்து போற்றுகின்றார். அங்கே அழுகை இல்லை. வியப்பினால் நெகிழ்ந்த உள்ளமே உண்டு. நெகிழ்ச்சி என்னும் பொது இயல்பை இராகம் தருகின்றது. அது துயரால் நெகிழ்ந்ததா, மகிழ்ச்சியால் நெகிழ்ந்ததா என்பதைச் சொல்லும் பாவமும் முடிவு செய்கின்றன.

கிரேக்க நாட்டாரும் இவ்வினாவில் முட்டிக்கொண்டனர். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில், புலம்பலுக்கும் மென்மைக்கும் உரிய பாலைகளை நாட்டினின்று விலக்கி, தோரியம், பிரிகியம் என்னும் இரண்டையே இருத்தினார். அவர் மாணாக்கராகிய அரிஸ்டாட்டிலோ, பிரிகியம் வெறியூட்டுவதாயிற்றே, அதனை எங்ஙனம் இருத்தலாம் என மறுத்தார். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே ஊரில் ஒரே இசையைக் கேட்டு வேறுபட்டனர் எனின், பிறர்நிலை சொல்லவேண்டுவதில்லை. இடைக்காலத் திருச்சபையார் அப்பெயர்களையே வேறு பாலைகளுக்கு இட்டுவிட்டமையால், இன்று தோரியம் எனப்படுவது பிளேட்டோ போற்றிய தோரியம் அன்று. இன்றைய தோரியம் நம் கரகரப்பிரியாவின் சுரங்களையுடையது.

எனின், மெய்ப்பாடு முழுவதும் பழக்கமே என்று கூறிவிடலாமோ? அதுவும் மிகையாகும். 1999இல் பால்க்வில், தாம்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று உண்டு. வடநாட்டு இராகங்களுடன் பழகாத மேலைநாட்டாருக்கு அவற்றை ஒலித்துக்காட்டி, எம்மெய்ப்பாடு தோன்றுகின்றது என வினவினர். மகிழ்ச்சி, துயரம், சினம் ஆகியவற்றை அவர்கள் ஓரளவு சரியாகவே உணர்ந்தனர். அமைதியை உணர்தலிலேயே இடர்ப்பட்டனர். விரைவும் ஓசையின் இயல்பும் எம்மொழியார்க்கும் பொதுவானவை போலும். அமைதி என்பதோ இருந்து கேட்டுப் பழகியோர்க்கே வாய்க்கின்றது.

இவற்றை மனத்திற்கொண்டு ஆலயத்துக்கு வருவோம். நம் வழிபாட்டிற் பாமாலையும் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. பாமாலை மேலைநாட்டு மெட்டினது. ஆர்கனும் நால்வகைக் குரலும் அதற்குத் துணை. கீர்த்தனையோ தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் நம் இராகதாளங்களில் யாத்தளித்த செல்வம். புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனையின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. ஆனால் நாம் பாடுவது அவ்விராகந்தானா? கட்டைகளின்மேல் அமைந்த கருவி முன்செல்ல, குரல்கள் அதனைப் பின்தொடர்கின்றன. கட்டையினின்று கட்டைக்குத் தாவலாமேயன்றி வழுக்க இயலாது. தோடியின் காந்தாரம் அசைவிலேயே உயிர்வாழ்வது. அதனை ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்தால் அது தோடியின் பிணமேயாகும். சுருதியிலும் சிறு பிழை உண்டு. சட்சத்தின் அதிர்வு நொடிக்கு 240 ஆயின், இயற்கையான அந்தர காந்தாரம் 300. சமப்பகுப்பால் அமைந்த கருவியிலோ அது 302.4. பஞ்சமம் 360 ஆகவேண்டுவது 359.6 ஆகின்றது. பஞ்சமத்தின் பிழையைச் செவி பொறுக்கும். காந்தாரத்தின் பிழையை நல்ல செவி பொறுப்பதில்லை.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. யான் அத்துணைக் கடுமையை வேண்டுகின்றேன் அல்லேன். பெருங்கூட்டத்தை ஒரு சுருதியில் நிறுத்துதற்கு அக்கருவி செய்யும் உதவி பெரிது. பாமாலைக்கு அதுவும் ஆர்கனுமே தக்கவை. ஆனால் இரங்கற்குரிய இராகம் குறிக்கப்பட்ட பெரிய வெள்ளிக்கிழமைக் கீர்த்தனையும், உவகைக்குரிய உயிர்த்தெழுதற் கீர்த்தனையும், விரைவொன்றே வேறுபட ஒரே முகத்தோடு ஒலிப்பதைக் கேட்கும்போது, புத்தகத்தில் இராகப்பெயரை அச்சிட்ட மை வீணாயிற்றே என எண்ணாதிருக்க இயலவில்லை.

லெந்து நாட்களில் வாரம் ஒரு மாலை, ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்துத் தம்புராவையும் வயலினையும் மட்டும் கொண்டு ஒரே ஒரு கீர்த்தனையைக் கற்கலாம். இராகத்தைச் சில நிமிடம் ஒருவர் ஆலாபனை செய்ய, ஏனையோர் அதன் பிடிகளைச் செவியில் ஏற்றிக்கொண்டு பின்னரே பல்லவியைத் தொடங்குதல் வேண்டும். வயலின் வாசிக்கும் மாணவரும் தம்புரா மீட்டத் தெரிந்தவரும் கல்லூரியில் எவ்வாண்டிலும் இல்லாமற் போவதில்லை. முதற் கீர்த்தனை மோகனத்தில் அமைந்ததாயின் எளிது. அதன் ஐந்து சுரங்களும் முன்னரே யாவர் செவியிலும் உள்ளன.