முருங்கை மரத்துக்குத் திரும்பும் வழி

எழுத்தும் எம்மவரும் – 17

எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வருகிறது. "நாலைந்து கதை அனுப்பிவிட்டேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை. இன்னும் எழுதத்தான் வேணுமோ?" கேட்பவரின் முகத்தில் சோர்வு தெரியும். கையில் மடித்த கொப்பித் தாள் இருக்கும்.

சென்ற வாரம் நம் வாசிகசாலைகளைப் பற்றிப் பேசினோம். வாசிகசாலைப் படி ஏறும் வயது வருமுன்பே நம் காதில் விழுந்த மாயக்கதைகள் இருக்கின்றனவே, அந்தக் கேள்விக்கு அவை எப்போதோ பதில் சொல்லிவிட்டன.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைக்கு அதிசயம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. குதிரைமுகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அழகுமுகம் பெற்றாள், மாவிட்டபுரத்துக் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பது அடுத்த கதை. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன்போரில் கதை கண்முன்னே நடக்கும். இளைஞர்கள் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டி ஆட்டி வீதியில் ஓடுவார்கள். ஒரு தலை விழ, இன்னொரு தலை பூட்டப்படும். கடைசியில் மாமரமாக நிற்பான். வேல் பட்டதும் மயிலும் சேவலுமாவான். தகப்பனின் தோளிலிருந்து அதைப் பார்த்த பிள்ளை அன்றிரவு நித்திரை கொள்ளாது.

இந்தச் சூரன் கதை ஊருக்குள் ஊறியது கோயில்களில் நடந்த கந்தபுராண படனத்தால். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். மண்டபத்துத் தூணில் சாய்ந்திருக்கும் சிறுவனுக்குச் செய்யுள் விளங்காது. பயன் சொல்லும் குரல் உயர்ந்தால் போர், தாழ்ந்தால் அழுகை என்பது மட்டும் விளங்கும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இந்த மண்ணின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று சொன்னது இதனால்தான்.

அந்தக் கந்தபுராணம் பிறந்த கதையே ஓர் எழுத்தாளன் தடைபட்ட கதை. காஞ்சி குமரகோட்டத்து அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் நாளொன்றுக்கு நூறு பாட்டுப் பாடி, ஏட்டை இரவில் முருகன் திருவடியில் வைத்து நடை சாத்துவாராம். விடிந்து பார்த்தால் திருத்தம் செய்யப்பட்டிருக்குமாம். இப்படிப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் முடிந்து அரங்கேற்றம் தொடங்கியது. காப்புச் செய்யுளின் முதற்சொல்லிலேயே ஒரு புலவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி இல்லை என்று தடுத்தார். முதலடி முருகன் கொடுத்தது என்று சொல்லியும் சபை ஏற்கவில்லை. கச்சியப்பர் மனம் நொந்து திரும்பினார். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் கொடுத்தார். விதி அதில் இருந்தது. அரங்கேற்றம் தொடர்ந்தது.

அந்த முதற்சொல்லைத் தலைப்பாகத் தாங்கி 1995இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது: அ. முத்துலிங்கத்தின் 'திகடசக்கரம்'. 1937இல் கொக்குவிலில் பிறந்தவர் அவர். முதல் தொகுப்பான 'அக்கா' 1964இல் வந்தது. பிறகு தொழில், ஆபிரிக்கா, ஐ.நா. வேலை என்று முப்பது வருடங்கள் புத்தகம் எதுவும் இல்லாமல் போயின. வேறொருவராக இருந்தால் இளமையில் கொஞ்சம் எழுதினேன் என்று சொல்லி முடித்திருப்பார். அவர் திரும்பி வந்தார். வரும்போது சிறுவயதிலிருந்து இந்த மண்ணின் காதில் ஒலித்த புராணத்தின் முதற்சொல்லோடு வந்தார். இன்று தமிழ்ச் சிறுகதையில் அவருடைய இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடுத்து, கடல் கடந்து வந்த கதை. 1947இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய சிறுவர் இதழான அம்புலிமாமா இங்கும் வீடு வீடாகக் கைமாறியது. அட்டை கிழிந்தாலும் உள்ளே வேதாளக் கதை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இரவல் வாங்குவார்கள். 1924இல் பிறந்த ஓவியர் சங்கர் வரைந்த படத்தை மறக்க முடியுமா? உருவிய வாளோடு அரசன் விக்கிரமன், தோளில் வேதாளம் புகுந்த உடல், பின்னால் சுடுகாடு. 2020இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது எத்தனையோ பேர் நினைவுகூர்ந்தது அந்த ஒரு படத்தைத்தான்.

அந்தக் கதையின் சட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். விக்கிரமன் தெரிந்ததைச் சொல்லித் தோற்கிறான். நியாயம் எது என்று கண்டபின் அவனால் வாய்மூடி இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதுக்கதை கிடைக்கிறது. அவன் முதல் தடவையே வென்றிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரேயொரு கதை. பழைய வடமொழி நூலில் கதைகள் இருபத்தைந்து. அது முடிந்த பிறகும் அம்புலிமாமாக்காரர்கள் புதிது புதிதாகப் புனைந்து, அரசனைப் பல பத்தாண்டுகள் நடக்க வைத்தார்கள்.

எழுதுகிறவருக்கும் இதே சட்டம்தான். ஒன்றைக் கண்டுவிட்டோம், சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னோம், திரும்பி வந்தது. அடுத்த கதை அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

அப்படித் திரும்பத் திரும்ப நடந்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். பொன்னாலையில் 1924இல் பிறந்த வரதர் நண்பர்களோடு சேர்ந்து 1946இல் 'மறுமலர்ச்சி' இதழை நடத்தினார். இரண்டு வருடங்களில் அது நின்றது. 'ஆனந்தன்' தொடங்கினார். 1955இல் கவிஞர் மஹாகவியோடு சேர்ந்து கவிதைக்கென்றே 'தேன்மொழி' கொண்டுவந்தார். பிறகு 'வெள்ளி', 'புதினம்', பிற்காலத்தில் மாணவருக்காக 'அறிவுக் களஞ்சியம்'. ஒன்று நின்றால் இன்னொன்று.

டொமினிக் ஜீவாவின் பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றுபோனது. யாழ்ப்பாண நகரில் முடிதிருத்தும் சலூனில் வேலை செய்துகொண்டே எழுதினார். 1960இல் வந்த 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' பிறந்தது. அச்சுக்குக் கொடுப்பவரும் அவர், இதழ்களைச் சுமந்து தெருத் தெருவாக விற்பவரும் அவர். வேண்டாம் என்று முகம் திருப்பியவரிடம் அடுத்த மாதமும் போய் நிற்பார். அப்படி நானூறு இதழ்களுக்கு மேல் வந்தன. யாழ்ப்பாணத் தெருவில் விக்கிரமனைப் பார்க்க விரும்பியவர்கள் அவரைப் பார்த்தால் போதும்.

இடையில் நடந்ததை எல்லாரும் அறிவோம். 1981இல் யாழ் நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் இல்லாமல், கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்த சின்னஞ்சிறு விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த வெளிச்சத்தில் எழுதியவர்களும் இருந்தார்கள்.

ஆகவே, மடித்த கொப்பித் தாளோடு நிற்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும் நான் சொல்ல வருவது இதுதான். பிரசுரமாகாத கதையைக் கிழிக்காதீர்கள். கச்சியப்பர் கதையில் சபை தடுத்த சொல் சரியான சொல்லாகவே இருந்தது. உங்கள் கதையையும் ஒரு மாதம் வைத்திருந்து திரும்ப வாசியுங்கள். பிழை தெரிந்தால் திருத்துங்கள், தெரியாவிட்டால் வேறிடத்துக்கு அனுப்புங்கள். அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மம்மா இருந்தால் பிள்ளையை அவவுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். கீரிமலைக்குப் போகும்போது குதிரைமுகக் கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள். சோதனைக்கு வராத பாடம் என்று அதை ஒதுக்காதீர்கள். விழுந்த தலைக்கு மேல் இன்னொரு தலை முளைப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, ஒரு கதை திரும்பி வந்ததற்காகப் பேனையை வைத்துவிடாது.

(தொடரும்)