நழுவும் பின்குறி: பிழை கையிலா, கருவியிலா?

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், எய்தவனிடம் குற்றமில்லாதிருக்கக் கருவியே மெல்ல மெல்லப் பிழைபடும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவ்வேளைகளிற் பிழை எங்கேயுள்ளது என்பதைக் கண்டறிவது எவ்வாறு? அமெரிக்காவில் இலக்குச் சுடும் விளையாட்டிற் கையாளப்படும் றிவோல்வர் என்னும் சுழல் கைத்துப்பாக்கி இதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னர் பெருவிரலாற் சுத்தியலைப் பின்னிழுத்து வைக்கவேண்டிய வகை அவற்றுள் ஒன்று. கொனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்போர்ட் நகரிலிருந்த கோல்ற் தொழிற்சாலை 1873ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென வெளியிட்ட துப்பாக்கி இவ்வகையிற் புகழ்பெற்றது. அதன் குழாய் நுனியில் நிற்கும் சிறு தகடே முன்குறி. சட்டத்தின் மேற்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளமே பின்குறி. பள்ளத்தின் நடுவே தகடு தெரியுமாறு பிடித்து இலக்கை நோக்குதல் வேண்டும். அப்பள்ளம் சட்டத்திலேயே வெட்டப்பட்டதாதலின் நழுவ வழியில்லை, திருத்தவும் வழியில்லை.

அதே மாநிலத்தில் 1949இல் தொடங்கப்பெற்ற றூகர் நிறுவனம் 1955இல் பிளாக்ஹோக் என்னும் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் பின்குறியைத் திருகாணிகளால் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் நகர்த்தலாம். இது பெரிய வசதியே. ஆனால், நாம் நகர்த்தக்கூடிய உறுப்பு பிடிப்புத் தளர்ந்தால் தானாகவும் நகரும் அல்லவா?

சிறு நழுவல், பெருந் தவறு

இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 200 மில்லிமீற்றர் எனவும், இலக்கு 25 மீற்றர் தொலைவில் உள்ளது எனவும் கொள்வோம். இயல்பொத்த முக்கோணிகளைக் கற்ற மாணவர் உடனே கணித்துவிடுவர்: குறியின் நழுவல் இலக்கில் 125 மடங்காகப் பெருகும். பின்குறி 0.2 மில்லிமீற்றர் விலகினால் ரவை 25 மில்லிமீற்றர் விலகிப்படும். கண்ணுக்குப் புலப்படாத இவ்விலகலே போட்டியில் ஒருவரைத் தோற்கச் செய்யப் போதும். பின்குறி வலப்புறம் நகர்ந்தால் ரவையும் வலப்புறமே செல்லும். முன்குறி நகர்ந்தாலோ எதிர்ப்புறம் செல்லும்.

நழுவுவது ஏன்?

தாக்கமும் மறுதாக்கமும் சமன் என்பது நியூற்றனின் விதி. ரவை முன்னே பாயத் துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பின்குறியோ தன் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. திருகாணிகளே அதனை இழுத்துச் செல்லவேண்டும். ஆணிக்குக் குறுக்காக ஏற்படும் இத்தகைய அதிர்ச்சி அதனை எளிதில் தளர்த்தும் என்பதை ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் விளக்கினார். புதிய துப்பாக்கியில் இத்தொல்லை தோன்றுவதும் வியப்பன்று. புரிகளில் எஞ்சிய எண்ணெய் உராய்வைக் குறைக்கும். உலோகப் பரப்பின் நுண்ணிய மேடுகள் நசுங்கும்பொழுது முதல் இறுக்கமும் குறையும்.

சோதிக்கும் முறை

எதனைத் தொடுமுன்னும் சுழலறையின் ஒவ்வொரு துளையையும் பார்த்துத் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும். பின்னர், பின்குறிக்கும் சட்டத்துக்கும் குறுக்காகக் கூரிய பென்சிலால் ஒரு கோடு இடவேண்டும். அதன்பின் உரிய சுடுகளத்தில், மணல் மூட்டையின்மேற் கையைத் தாங்கவைத்து, ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஒவ்வோர் ஐந்தையும் தனித்தனித் தாளிற் பதிவு செய்க.

துளைகள் நெருங்கி ஓரிடத்திலேயே விழுந்து, அவ்விடம் நடுவைவிட்டு விலகியிருந்தால், குறி நழுவவில்லை. அதனைத் திருத்தி அமைத்தாற் போதும். நாற்புறமும் சிதறினால் கையையோ தோட்டாவையோ முதலில் ஐயுற வேண்டும். கூட்டம் நெருக்கமாயிருந்தும் தாளுக்குத் தாள் ஒரே பக்கமாக நகர்ந்து சென்றால் பின்குறியே ஐயத்துக்குரியது. பென்சிற் கோடும் முறிந்திருப்பின் ஐயம் தீர்ந்தது.

பரிகாரம்

ஆணியின் வெட்டுக்கு அளவான திருப்புளியைக் கொண்டு அதனைக் கழற்றி, எண்ணெயை முற்றாகத் துடைத்து, மீண்டும் இறுக்குதல் முதற்படி. பக்கத்திருகாணியைத் தாங்கும் சிறு சுருள்வில் சோர்ந்திருந்தால் மாற்றவேண்டும். மீண்டும் தளர்ந்தாற் புரியிற் பூசும் ஒட்டுத்திரவம் உதவும். ஹாட்போர்ட் திரினிற்றிக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் வேர்ணன் கிறீபிள் 1953இல் உருவாக்கிய அத்திரவம் பின்னர் லொக்ரைட் என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. காற்றுப்பட்டால் நீர்மமாகவே இருக்கும் அது, காற்றுப் புகாத புரியிடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் இறுகிவிடும். மீண்டும் கழற்றக்கூடிய மென்மையான வகையில் ஒரு துளியே போதும்.

சில துப்பாக்கிகளில் அடி அகன்று மேல் குறுகிய பள்ளத்திற் பின்குறி செருகப்பட்டிருக்கும். அச்செருகல் தளர்ந்திருந்தால் சுத்தியலும் அரமும் எடுத்தல் தகாது. அதனைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியிடமோ, புதியதாயின் செய்தவரிடமோ ஒப்படைப்பதே முறை.

பிழையின் இருப்பிடத்தை அறியாதவர் செய்வது யாது? வலப்புறம் போகும் ரவையை ஈடுசெய்ய இடப்புறம் குறிவைக்கப் பழகிக்கொள்வார். குறி மேலும் நழுவும். அவரும் மேலும் விலகிப் பழகுவார். ஈற்றில் நல்ல கையும் கெட்டுவிடும். திருகாணியை ஒரு நிமிடத்தில் இறுக்கிவிடலாம்; பிழையாகப் பழகிய கையைத் திருத்தப் பல மாதங்கள் வேண்டும். ஆதலால், தன்னை நொந்துகொள்ளுமுன் ஒரு பென்சிற் கோடு இட்டுப் பார்த்தல் அறிவுடைமையாகும்.