முதுகு வலியா? வயிற்றையும் விசாரியுங்கள்



முதுகில் திடீரென்று வலி கண்டால் "வாயு பிடித்துக்கொண்டது" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். உடனே ஓமமும் பெருங்காயமும் தேடுவார்கள். பூண்டைச் சுட்டுக் கொடுப்பார்கள். படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. முதுகுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் உண்டு. பாட்டி சொன்ன காரணம் எப்போதும் சரியல்ல. ஆனால் அவள் பார்த்த திசை சரியே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதுகு வலியில் பெரும்பங்கு தசையிலும் தசைநார்களிலும் உண்டாவதுதான். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து நம்மிடம் வருகிறவர்களைப் பாருங்கள். செங்கம் சாலையில் நாள் முழுவதும் ஆட்டோ ஓட்டுகிறவர், விடுதி அறைகளைக் குனிந்து பெருக்குகிற பெண், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து வந்தவர், பழக்கமில்லாமல் மணிக்கணக்கில் சம்மணமிட்டு அமர்ந்த வெளிநாட்டார். இத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்கத் தேவையில்லை. மெல்ல நடமாடுவதே நல்லது.

ஆனால் வலி தெரிகிற இடமும் வலி பிறக்கிற இடமும் எப்போதும் ஒன்றல்ல. வயிற்றின் உள்ளுறுப்புகளிலிருந்து வரும் நரம்புகளும் முதுகிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து சேருகின்றன. இரண்டு தெருக்களின் கடிதங்கள் ஒரே தபால் பையில் போவதுபோல. மூளை சில வேளை முகவரியை மாற்றிப் படித்துவிடுகிறது. பித்தப்பையில் கல் இருந்தால் வலது தோள்பட்டையின் கீழே வலிக்கும். கணையம் வீங்கினால் மேல்வயிற்றில் எழுந்த வலி முதுகுக்கு ஊடுருவும்; முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும். சிறுநீரகக் கல்லின் வலி விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும். நாள்பட்ட மலச்சிக்கலும் இடுப்பை வலிக்கச் செய்வதுண்டு.

நம்மிடம் வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் கதை இதை விளக்கும். பெயர் வேண்டாம். பல மாதங்களாக நடு முதுகில் வலி. வண்டி ஓட்டுவதால் வந்ததென்று அவரும் நினைத்தார், உடன் ஓட்டுகிறவர்களும் நினைத்தார்கள். மருந்துக் கடையில் கேட்டால் இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். போட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்டலாம். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் தலைசுற்றி விழுந்தார். மலம் தாரைப்போல் கறுத்திருந்தது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

எண்டோஸ்கோப்பி செய்தபோது முன்சிறுகுடலில் ஆழமான புண். புண் பின்பக்கமாக ஆழ்ந்து கணையத்தை எட்டும்போது வலி முதுகில் குத்தும் என்று மருத்துவர் விளக்கினார். பின்னிரவில் வலியெடுத்து எழுந்து, இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கிற்று என்று அவர் அப்போதுதான் சொன்னார். அதுதான் இந்தப் புண்ணின் அடையாளம். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

வலி மாத்திரை என்ன செய்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைக்கும்போதே, அமிலத்திலிருந்து குடலைக் காக்கும் உட்படலத்தையும் பலவீனப்படுத்துகின்றன. "சாப்பிட்டபின்தானே போட்டேன்", "ஊசியாகத்தானே போட்டேன்" என்பார்கள். மருந்து இரத்தத்தின் வழியாகவும் அங்கே சேருவதால் இவை முழுப் பாதுகாப்பாகா. வயிற்றில் பிறந்த வலிக்கு வயிற்றைக் கெடுக்கிற மருந்து! ஆனால் இருதய நோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

தென்னாட்டு மிஷன் மருத்துவமனைகளுக்கு இந்தப் புண் பழைய அறிமுகம். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் ஹோவார்ட் சோமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த நோயாளிகளைக் கண்டு, இங்கிலாந்தில் கிடைத்திருக்கக்கூடிய உயர்ந்த வாழ்வை விட்டு அங்கேயே ஊழியம் செய்ய வந்தார். வயிற்றுப் புண் அறுவையில் பெயர் பெற்றார்; பிற்பாடு வேலூரிலும் கற்பித்தார். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் இப்புண் மிகுதியென்றும், கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளில் குறைவென்றும் கண்டு எழுதினார்.

அந்நாட்களில் காரத்தையும் கவலையையும் குற்றம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சோமர்வெல் கத்தியெடுத்த நோய்க்கு இன்று பெரும்பாலும் இரண்டு வார மாத்திரை போதும்.

அப்படியானால் கவலைக்குப் பங்கே இல்லையா? நம் ஆட்டோ ஓட்டுநர் மூன்றாம் நாள் என்னிடம் பேசினார். "சாப்பாடெல்லாம் எப்படி, தம்பி?" என்றுதான் கேட்டேன். "எங்க ஐயா, டீயும் பீடியுந்தான்" என்றார். வாராவாரம் கட்டவேண்டிய குழுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், தூக்கமில்லாத இரவுகள், எல்லாம் அதன்பின் வந்தன. கவலை கிருமியை உண்டாக்காது. ஆனால் வேளைச் சாப்பாட்டைக் கெடுக்கும், புகையைக் கூட்டும், தோளையும் முதுகையும் இறுக்கும், சிறு வலியையும் பெரிதாக உணரச் செய்யும். இதை நடிப்பு என்று சொல்லுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தேவதூதன் அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தரம்.

ஆகையால் முதுகு வலியோடு கறுத்த மலம், இரத்த வாந்தி, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். முதுகும் மார்பும் சேர்ந்து வலித்து வியர்த்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். அது இருதயமாக இருக்கலாம்.

அந்தச் சகோதரர் இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறார். பீடி இன்னும் முழுதாக விடவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோப்பிக்கும் இரத்தத்துக்கும் ஆன செலவில் அவரால் கட்ட முடிந்தது கொஞ்சமே. மீதி, நீங்கள் அனுப்பிய ஏழை நோயாளர் நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. இம்முறை காணிக்கை அனுப்புகிறவர்கள் அந்த நிதிக்கென்று விரும்பினால் தாளில் அதைக் குறிப்பிட வேண்டுகிறோம்.