காளியின் டிபன் டப்பா

தில்லியில் வளரும் நம் குழந்தைகள் பள்ளிக்குப் போன சில நாட்களிலேயே தாங்கள் ‘மதராசி’ என்பதைத் தெரிந்துகொண்டு விடுகிறார்கள். பெரும்பாலும் இதை அறிவிப்பது டிபன் டப்பாதான். பராத்தாக்களுக்கு நடுவே தயிர் சாதத்தைத் திறந்த குழந்தை, மறுநாள் காலை “எனக்கும் பராத்தாவே கட்டிக் குடு” என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஒரு படப் புத்தகம் இருக்கிறது. ஜாய் விட்டேகர் எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட காளி என்ற இருளர் சிறுவனின் கதை. தமிழிலும் இந்தியிலும் வந்திருக்கிறது. காளியின் அப்பா பாம்பு பிடிப்பவர். காளிக்குப் பிடித்த தின்பண்டம் வறுத்த கரையான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் அவனிடம் ஒட்டுவதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப் பாம்பு ஒன்று வந்துவிடுகிறது. அதைப் பிடித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கதை கற்பனை, அதன் பின்னால் இருக்கும் மக்கள் கற்பனை அல்ல. மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்த பிறகு மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றும் மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கதையை முடித்தபின் இதையும் குழந்தைக்குச் சொல்லலாம். ஆறு வயதுக்கு மேல் என்றால் வாயைப் பிளந்து கேட்கும்.

முதல் தடவை படிக்கும்போது நம் குழந்தை தன்னைக் காளியாகவே நினைத்துக்கொள்ளும். தயிர் சாதத்தால் பட்ட பாடு அதற்குத் தெரியுமே! ஆனால் குழந்தைகள் ஒரு புத்தகத்தை ஒரு தடவையோடு விடுவதில்லை. நாலாவது, ஐந்தாவது தடவை வரும்போது கண் காளியை விட்டு மற்றப் பிள்ளைகளிடம் போகும். ஒதுங்கி உட்கார்ந்த அவர்கள் யார்? அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தாம். தலைநகரில் ஒதுக்கப்படுகிறோம் என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், ஊரில் யாரை ஒதுக்கினோம், இங்கே வந்தும் யாரை ஒதுக்குகிறோம் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்வது அதற்காகத்தான்.

என் ஐந்து வயதுப் பேத்தியிடம் அது இப்படி வந்தது.

“பாட்டி, காளி பக்கத்துல ஏன் யாரும் உக்காரலை?”

“நீ என்ன நினைக்கிறே?”

“அவன் சாப்பாடு வேற.” சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மாடி வீட்டு மாமி, வேலைக்கு வர்ற அக்காவுக்கு மட்டும் ஜன்னல்ல இருக்கிற தம்ளர்ல டீ குடுக்கறாங்களே, அது மாதிரியா?”

“ஆமாம்” என்றேன். வேறு என்ன சொல்வது? அவளும் மேலே எதுவும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இங்கே நாம் ஒரு பிரசங்கம் செய்திருந்தால் புத்தகம் பாடப்புத்தகமாகி இருக்கும். கேட்டால் மட்டும் சொல்வது, கேட்டதற்கு மட்டும் சொல்வது, பூசி மெழுகாமல் சொல்வது: இவ்வளவு போதும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பத்து மாநில உடையில் பத்துக் குழந்தைகள் கைகோத்து நிற்கும் புத்தகங்கள் ஏராளம். கொலுப் படியில் வைத்த பொம்மைகள் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்குப் பசிக்காது, கோபம் வராது. ‘ஐயோ பாவம்’ என்று கண்ணைத் துடைக்க வைக்கும் ஊனமுற்ற குழந்தைகளின் கதைகளும் அப்படியே. தாரிணி விஸ்வநாத் எழுதிய ஒரு தூலிகா கதையில் டிப் டிப் என்ற சிறுமி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ஆனால் கதையோ, காணாமல் போன ‘காப்பி’ என்ற பூனையை அவள் தேடுவதைப் பற்றியது! இப்படித்தான் இருக்க வேண்டும். மம்தா நைனியின் கதையில் வரும் காஷ்மீரத்துப் பக்கர்வால் சிறுவன் சாதிக்குக்கு ஊசியும் நூலும்தான் ஆசை. அவன் சமூகத்திலோ அது பெண்களின் வேலை. ‘பையன் தைப்பானா?’ என்று நம் வீட்டுப் பெரியவர்களே கேட்பார்கள், கேட்கட்டும்.

விலையைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் உண்டு. தில்லி உலகப் புத்தகக் கண்காட்சியில் தமிழ் நூல்களையும் கேட்டு வாங்கலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அவற்றில் பல இந்தியிலும் இருக்கின்றன.

படிக்கும் நேரத்தில் வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தையும் வீட்டில் இருந்தால், மடியின் மறுபக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். அதற்குத் தமிழ் தெரியாதே என்றால், காளியின் கதைக்கு இந்திப் பதிப்பு இருக்கிறது.