மீன்வாடியும் ஒரு கணக்குக் கொப்பியும்

பத்தாம் தர மாணவர்களுக்கு ஊர் வரலாறு பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருந்தேன். பள்ளிவாசல்களின் வரலாறு வந்தது, பாடசாலைகளின் வரலாறு வந்தது, சுனாமி வந்தது. சாய்ந்தமருதுக் கடற்கரையின் மீன்வாடிகளைப் பற்றி ஒரு பிள்ளையும் எழுதவில்லை. மூத்தாப்பா தொடங்கி, வாப்பா நடத்தி, இன்று என் தம்பி வைத்திருக்கும் வாடி ஒன்றில் வளர்ந்தவன் நான். ஆகவே அந்த ஒப்படையை நானே எழுதுகிறேன்.

வாடி என்பது பெரிய கட்டடம் அல்ல. ஓலைக் கொட்டில், தராசு, ஐஸ் பெட்டி, ஒரு மேசை. விடியற்காலையில் கரைவலைத் தோணி கடலில் வலையை வளைத்து விட்டு வரும். சுபஹு தொழுதுவிட்டு வந்தவர்கள் இரு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மடி கரையேறியதும் கீரி, சூடை, பாரை என்று பிரித்துக் கூறு கட்டுவார்கள். ஏலம் நடக்கும். சைக்கிளில் பெட்டி கட்டிய வியாபாரிகள் வெயில் ஏறுமுன் ஊருக்குள் போய்விடுவார்கள். செலவு கழித்து மிஞ்சியதில் பாதி தோணிக்காரருக்கு, பாதி இழுத்தவர்களுக்கு. விற்றுக் கொடுத்த வாடிக்குத் தரகு.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. உள்ளே வாடியை நடத்தியது கடன்தான். மாரியில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் தோணி இறங்காது. அந்த நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும் மகளின் கலியாணத்துக்கும் வாடிதான் காசு கொடுத்தது. வங்கி கேட்ட உறுதிப் பத்திரம் கடற்கரையில் யாரிடமும் இருக்கவில்லை. வாடி பத்திரம் கேட்கவில்லை, வட்டியும் எடுக்கவில்லை. நிபந்தனை ஒன்றுதான்: கடன் தீரும்வரை மீன் வேறு வாடிக்குப் போகக்கூடாது. யார் எவ்வளவு என்பது மூத்தாப்பாவின் நீளமான கணக்குக் கொப்பியில் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, வாடியும் கொப்பியும் போயின. நான் அப்போது ஆசிரியர் கலாசாலை மாணவன், விடுமுறையில் வீட்டில் இருந்தேன். கடன்காரர்களில் பலர் மௌத்தாகியிருந்தார்கள். அவர்களுடைய கடனை வாப்பா ஹலாலாக்கிவிட்டார். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எதுவும் கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்கிற்கு அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். பின்னர் தளர்த்தினார்கள், ஆனால் அந்த மாதங்களில் பத்திரமில்லாத எங்கள் வாடிக்கு நின்ற இடமே இல்லை.

உயிர் தப்பியவர்கள் சிலர் தாங்களாகவே வந்து, இவ்வளவு தரவேண்டும் என்று சொன்னார்கள். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் இன்னொருவர் வந்தார். வாப்பாவின் வயதுக்காரர். முற்றத்தில் நின்றபடியே கேட்டார்: "ஹாஜியார், நான் பட்ட கடன் கொப்பியில இருந்திச்சு. என்ட மீனுக்கு நீங்க குறைச்சிப் போட்ட விலை எந்தக் கொப்பியில இருந்திச்சு?"

வாப்பா பதில் சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மீன் வேறெங்கும் போகாது என்று தெரிந்தால் ஏலத்தில் போட்டி இருக்காது, விலை இறங்கும். விற்றுக் கொடுப்பதற்குத் தரகு வாங்குவது கூலி, அதில் குற்றமில்லை. கடனோடு சேர்த்துக் கட்டிய விலைக்குறைப்பு வேறு. கடன் கொடுத்தவனுக்கு அந்தக் கடனால் நிபந்தனையாக வரும் இலாபத்தை மார்க்க அறிஞர்கள் வட்டியோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். வட்டி வாங்காத குடும்பம் என்று சொல்லி வளர்ந்த எனக்கு இதை எழுதுவது இலகுவல்ல. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதி வைப்பது பற்றியது. எங்கள் கொப்பியில் கடன் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது, ஒரு பக்கக் கணக்கு மட்டும்.

சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் படகுகள் கொடுத்தன. கயிறு இழுத்தவர்கள் பலர் படகுச் சொந்தக்காரர் ஆனார்கள், வாடிக் கட்டு அவிழ்ந்தது. சில வருடங்கள்தான். இயந்திரம் பழுதானது, எண்ணெய் விலை ஏறியது, முற்பணத்துக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. இம்முறை கொடுத்தவர்கள் ஐஸ் லொறிக்காரர்கள். 2011இல் புறக்கோட்டை சென்.ஜோன்ஸ் சந்தை பேலியகொடவுக்கு மாறியது. இன்று எங்கள் கரையின் பெரிய மீனுக்கு விலை அங்கிருந்து தொலைபேசியில் வருகிறது. மாரியில் அரிசிக்குக் காசு கேட்க லொறிக்காரரின் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பழைய வாடியை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனாலும் முற்றத்தில் வந்து நின்று கேள்வி கேட்க அங்கே ஒரு முற்றம் இருந்தது.

வாப்பா மௌத்தாகும்வரை புதுக்கொப்பியில் இரண்டு விலை எழுதினார்: வாடி கொடுத்தது, அன்று கல்முனைச் சந்தையில் போனது. வித்தியாசத்தை மாரி வரும்போது கடனில் கழித்துவிடுவார். தம்பியும் அப்படித்தான் எழுதுகிறான். அதனால் வாடியில் இலாபம் குறைவு என்று அவனுடைய மனைவிக்கு எங்கள்மேல் கொஞ்சம் கோபம்.