டயாலிசிஸ்: எடை மெஷின் சொல்லும் இதயக் கதை

1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளியின் கையில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் குழு ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தியது. ஒருவருக்கே திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழிவிட்டது அந்தக் குழாய்தான். சிறுநீரகம் செயலிழந்த ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் அவர் உயிரைப் பறித்தது மாரடைப்பு. இன்றும் டயாலிசிஸ் நோயாளிகளின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இதயநோயே.

வாரத்துக்கு மூன்று முறை, நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், 168 மணி நேரத்தில் மெஷின் வேலை செய்வது 12 மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறை தடித்துப்போகிறது. தடித்த அறை நன்றாக விரியாது. உள்ளே இடமில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்க, நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது இதனால்தான். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடக்கூட இதயத்தின் வலப்பக்கமும் களைக்கிறது.

உயிர்காக்கும் ஃபிஸ்டுலாவுக்கும் இதில் பங்குண்டு. டயாலிசிஸுக்காகத் தமனியைச் சிரையோடு இணைத்த அந்த இடத்தில் விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் அந்தக் குறுக்கு வழியில் பாய்கிறது. சிலருக்கு அது ஒன்றரை, இரண்டு லிட்டர்வரை போய்விடும். அத்தனையையும் இதயம்தானே இறைக்க வேண்டும்!

சேர்ந்த நீரை ஒரேயடியாக எடுத்துவிடலாமே என்றால், அதிலும் ஆபத்து. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே மரணம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் அது சுமார் மூன்று லிட்டர். அதையும் தாண்டினால் அழுத்தம் சரிந்து இதயத் தசைக்கே ரத்தம் குறையலாம். இடைவெளி நீண்டாலும் ஆபத்துதான். 30,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணம் கூடியிருந்தது. பணமும் தூரமும் பார்த்து வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளும் நம் ஊர் நோயாளிகளுக்கு, இந்த இடைவெளி இன்னும் நீளம்.

நுரையீரலில் நீர் இருப்பது ஸ்டெதாஸ்கோப்புக்குப் பல சமயம் பிடிபடாது. நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்துவிடும். மூச்சுத்திணறலே இல்லை என்பவர்களிடமும் இக்கோடுகள் தென்படுகின்றன; கோடுகள் மிகுந்தவர்களுக்கு ஆயுள் குறைவாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே இதயத்தைக் காட்டும் எக்கோவை மட்டும் பார்த்தால் போதாது என்பேன். இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நோயாளியின் கையில் இருப்பது உப்பு. எட்டு, ஒன்பது கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்கினால் தாகமே குறையும். நீர் சேர்வதை அறியத் தினமும் காலையில் எடை பாருங்கள். இரவில் படுக்க இன்னொரு தலையணை தேவைப்பட்டால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.